வீடியோ பாடத்துக்குள் பட்டன்: லூமியும் எச்5பி-யும் எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

யூடியூபில் ஒரு காலத்தில் வீடியோவின் மேலேயே கட்டம் போட்டு, "இதைத் தட்டினால் இரண்டாம் பாகம்" என்று எழுதி வைக்க முடிந்தது. 2017 மே மாதத்தில் அந்த எடிட்டரை மூடினார்கள். 2019 ஜனவரியில் பழைய வீடியோக்களில் ஒட்டியிருந்த கட்டங்களும் போயின. இப்போது அங்கே மிஞ்சியிருப்பவை மூலையில் எட்டிப் பார்க்கும் கார்டுகளும் (வீடியோவுக்கு ஐந்து வரை), கடைசி 5 முதல் 20 விநாடிகளுக்குள் வரும் எண்ட் ஸ்கிரீனும்தான். அடுத்த வீடியோவுக்கு ஆளை அனுப்ப இவை போதும். பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "இதைச் செய்து பார்த்தாயிற்றா?" என்று கேட்டு, பதிலுக்குத் தக்கபடி முன்னேயோ பின்னேயோ கொண்டுபோக இவை உதவா.

அந்த வேலைக்குக் காசில்லாமல் கிடைப்பவற்றில் உருப்படியானது எச்5பி-யின் "இன்டராக்டிவ் வீடியோ". நார்வேயின் டிராம்சோ நகரில் உள்ள ஜூபெல் நிறுவனம் 2013-ல் தொடங்கிய திறமூலத் திட்டம் இது. 2024-ல் கனடாவின் டி2எல் நிறுவனம் இதை வாங்கியது. மூடுல் (இணையவழி வகுப்பு நடத்தும் தளம்) வைத்திருப்பவர்களுக்கு 3.9 பதிப்பு (2020) முதல் எச்5பி ஒரு தனிச் செயல்பாடாகவே உள்ளே வந்துவிட்டது. இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸுக்கும் ட்ரூபலுக்கும் ப்ளக்-இன் உண்டு. தளமே இல்லாதவர்களுக்கு லூமி என்ற இலவச டெஸ்க்டாப் செயலி இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லூமியில் செய்த எச்5பி கோப்பை மூடுலிலும் வேர்ட்பிரஸிலும் அப்படியே ஏற்றலாம் என்பதால், இந்த மதிப்புரைக்கு லூமியையே எடுத்துக்கொள்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீடியோவை நிறுத்திக் கேள்வி கேட்க, குறிப்பு காட்ட, இணைப்பு கொடுக்க இதற்கு மேல் வேண்டியதில்லை. இரண்டு மூன்று கிளைகளாகப் பிரிக்கச் சமாளிக்கலாம். பட்டனின் வடிவம், அழுத்தும்போது நிறம் மாறுவது, ஒருமுறை தட்டியதை நினைவில் வைத்து வேறு இடத்தில் வேறு பட்டன் காட்டுவது போன்றவை வேண்டுமென்றால் இது உங்களுக்கான கருவியில்லை.

பட்டனுக்கு முன்னால் வீடியோ

பாதிப் பிரச்சினைகள் லூமியைத் திறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. இப்போதைய போன்கள் பல எச்.265 என்ற சுருக்க வடிவில் பதிகின்றன. பல கணினிகளின் பிரவுசரில் அது சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும், அல்லது ஓடவே ஓடாது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மாற்றியில் எச்.264, எம்பி4 என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதிலேயே இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சம்மரி பக்கத்தில் இருக்கும் "வெப் ஆப்டிமைஸ்டு" டிக். இது இல்லாவிட்டால் கோப்பின் அட்டவணைப் பகுதி வாலில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடியோ தொடங்கவே நேரமாகும். இரண்டாவது, "கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்". போனிலும் சில திரைப்பதிவுச் செயலிகளிலும் எடுத்த வீடியோவில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட கோப்பில் எடிட்டர் காட்டும் நேரமும் வேறு கருவியில் பார்க்கும் நேரமும் முன்பின் ஆகி, பட்டன் வார்த்தையின் நடுவில் வந்து குதிக்கும். திரைப்பதிவுப் பாடத்துக்கு 720பி போதும். மெனு எழுத்துகள் மிகப் பொடியாக இருந்தால் மட்டும் 1080பி.

இன்னொன்று படம்பிடிக்கும்போதே செய்ய வேண்டியது. பட்டன் வரப்போகும் ஒவ்வோர் இடத்திலும் பேச்சை நிறுத்தி, மவுஸையும் அசைக்காமல் இரண்டு மூன்று விநாடி விடுங்கள். எக்செலில் விலுக்கப் (அட்டவணையில் தேடி எடுக்கும் சூத்திரம்) சொல்லிக்கொடுக்கும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். "இப்போது அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள்" என்று சொல்லி முடித்ததும் மூச்சுவிடாமல் "அடுத்து..." என்று தொடர்ந்தால், எங்கே நிறுத்தினாலும் ஒரு சொல் அறுபடும். பிறகு எடிட்டிங்கில் உறைந்த பிரேம் செருகிச் சரிசெய்வதைவிட, பேசும்போதே இடம் விடுவது எளிது.

வீடியோவை முழுதாக வெட்டி ஒட்டி முடித்த பிறகே பட்டனில் கைவையுங்கள். பட்டன்கள் நேரத்தோடு கட்டப்பட்டவை. முன்பகுதியில் பத்து விநாடி வெட்டிப் புதுக் கோப்பை ஏற்றினால், அதற்குப் பின் உள்ள அத்தனை பட்டனும் பத்து விநாடி தள்ளியே நிற்கும். எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நகர்த்தும் வசதி எடிட்டரில் இல்லை. (கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்கு: எச்5பி கோப்பு உண்மையில் ஒரு ஜிப். பெயரின் வாலை மாற்றித் திறந்தால், கன்டென்ட் என்ற ஜேசன் கோப்பில் ஒவ்வொரு பட்டனின் தொடக்க, முடிவு நேரமும் விநாடிக் கணக்கில் இருக்கும். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு திருத்தலாம்.)

பட்டன் வைப்பது

லூமியை முதல்முறை திறக்கும்போது இணையம் தேவை. உள்ளடக்க வகைகளின் பட்டியலில் "இன்டராக்டிவ் வீடியோ"வைத் தேடி நிறுவிக்கொண்டால், அதன்பின் இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். எடிட்டரில் மூன்று படிகள்: வீடியோவை ஏற்றுவது, இன்டராக்‌ஷன் (பட்டன், கேள்வி போன்றவை) சேர்ப்பது, கடைசியில் சம்மரி (முடிவில் வரும் சுருக்கக் கேள்விகள்). மூன்றாவதைக் காலியாக விட்டாலும் குறையில்லை.

இரண்டாவது படியில் வீடியோவுக்கு மேலே ஒரு கருவிப்பட்டை இருக்கும். வீடியோவை வேண்டிய இடத்தில் நிறுத்தி, கருவிப்பட்டையிலிருந்து ஒன்றை இழுத்து வீடியோவின் மேல் போட்டால் படிவம் திறக்கும். முதலில் "டிஸ்ப்ளே டைம்": எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும். அடுத்து "பாஸ் வீடியோ" டிக். அதன்பின் "டிஸ்ப்ளே ஆஸ்": பட்டனா, போஸ்டரா. பட்டன் என்றால் சின்ன வட்ட ஐகான். தட்டினால்தான் உள்ளடக்கம் விரியும். போஸ்டர் என்றால் உள்ளடக்கம் வீடியோவின் மேல் நேரடியாக விரிந்தே இருக்கும்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இந்த நேரப் பெட்டிதான். புதிதாகப் போடும் எதற்கும் எடிட்டர் தானாகப் பத்து விநாடி கொடுத்துவிடும். நிறுத்தம் இல்லாத குறிப்புப் பட்டனுக்கு அது சரி. கண்ணில் பட்டு, படித்து, தட்ட நேரம் வேண்டும். நிறுத்தத்தோடு வரும் போஸ்டருக்கோ அது அதிகம். வீடியோ தொடக்க நேரத்திலேயே நின்றுவிடுகிறது, பார்ப்பவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் பதில் சொல்லித் தொடர்ந்த பிறகும் மீதிப் பத்து விநாடிக்கு அந்தப் போஸ்டர் அடுத்த காட்சியை மறைத்துக்கொண்டு கிடக்கும். நிறுத்தம் உள்ளவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு விநாடி போதும். நீங்கள் விட்டுவைத்த மௌன இடைவெளியின் நடுவில் தொடக்கத்தையும் அதற்குள்ளேயே முடிவையும் வைத்துவிடுங்கள்.

பட்டன் ஐகானுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத "லேபிள்" உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டு சொல்லைத் தாண்டாதீர்கள். "குறுக்குவிசைகள்" மாதிரி ஒரே சொல்லே பட்டையை நீட்டிவிடும். சின்னத் திரைகளில் போஸ்டரும் பட்டனாகச் சுருங்கிவிடக்கூடும். ஆகவே "மேலே உள்ள பெட்டியைப் பாருங்கள்" என்று வீடியோவில் பேசி வைக்காதீர்கள். மேலே பெட்டியே இல்லாமல் போகலாம்.

திரையில் தெரியும் ஒரு மெனுவையே தட்ட வைக்க வேண்டுமென்றால் "நேவிகேஷன் ஹாட்ஸ்பாட்" பொருத்தமானது. செவ்வகம் அல்லது வட்டமாக ஒரு பகுதியை வரைந்து, தட்டினால் எந்த நேரத்துக்கு அல்லது எந்த இணையப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லலாம். நிறத்தின் ஒளிபுகும் அளவைக் கூட்டி, கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடலாம். மென்பொருள் பாடங்களில் இதன் பயன் பெரிது: "இன்சர்ட் மெனுவைத் தட்டுங்கள்" என்று சொல்லி வீடியோவை நிறுத்தி, படத்தில் உள்ள அதே மெனுவின் மேல் ஹாட்ஸ்பாட் வைத்தால், கை பழகும். மாற்று உரைப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு அதுதான் பட்டனின் பெயர். மினுமினுக்கும் விளைவை அணைத்தே வையுங்கள். குறை ஒன்று: தவறான இடத்தில் தட்டினால் அது தவறு என்று எதுவும் சொல்லாது. தவறைச் சுட்டிக்காட்ட வேறு வழி தேட வேண்டும்.

கிளை பிரிப்பது

"கிராஸ்ரோட்ஸ்" என்ற கருவி வீடியோவை நிறுத்தி, சில தேர்வுகளைக் காட்டி, ஒவ்வொன்றையும் ஒரு நேரத்துக்கு அனுப்பும். பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் போகும் இடத்தில் இல்லை, போன கிளை முடியும் இடத்தில் இருக்கிறது. எச்5பி-க்குக் கிளை என்பதே தெரியாது. அதற்கு இருப்பது ஒரே நீளமான வீடியோ. முதல் கிளை முடிந்ததும் அடுத்து வெட்டி ஒட்டியிருக்கும் இரண்டாம் கிளை தானாக ஓடத் தொடங்கிவிடும். "இந்த நொடி வந்ததும் தானாக அங்கே தாவு" என்று கட்டளையிட வழியில்லை. பார்ப்பவர் தட்டினால்தான் தாவும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். தெரியாதவருக்கு மட்டும் ஒரு கூடுதல் விளக்கம் என்றால், அந்த விளக்கத்தை முக்கியப் பாடத்துக்கு முன்னால் வையுங்கள். உதாரணமாக 1:10-ல் கேள்வி. "செல் முகவரி பற்றித் தெரியாது" என்பவரை 1:13-க்கு அனுப்பி 2:57 வரை விளக்கம். "தெரியும்" என்பவரை நேரே 3:00-க்கு. விளக்கம் முடிந்ததும் ஓட்டம் இயல்பாகவே 3:00-க்கு வந்து சேரும். தாவல் பட்டனே தேவையில்லை.

உண்மையிலேயே இரண்டு தனி வழிகள் என்றால், எக்செல் வைத்திருப்பவருக்கு ஒன்று, லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவருக்கு ஒன்று என்பதுபோல, முதல் கிளையின் வாலில் வெளியேறும் கதவு வேண்டும். எக்செல் கிளை 1:13 முதல் 4:00 வரை, லிப்ரே ஆபீஸ் 4:05 முதல் 6:50 வரை, இருவருக்கும் பொதுவானது 6:55 முதல் என்று கொள்வோம். 3:58-ல் நிறுத்தத்தோடு ஒரு நேவிகேஷன் ஹாட்ஸ்பாட் வைத்து, 6:55-க்கு அனுப்புங்கள். வீடியோவின் அந்த இடத்திலேயே "தொடர இங்கே தட்டுங்கள்" என்று எழுத்து வரும்படி படத்தில் போட்டுவிட்டால் நல்லது. கடைசிக் கிளைக்குக் கதவு வேண்டாம், அது தானாகப் பொதுப்பகுதியில் விழும். கதவுக்கும் அடுத்த கிளையின் முதல் நொடிக்கும் இடையே சில விநாடி கறுப்புத் திரை விடுங்கள். நிறுத்தம் ஒரு கணம் தாமதித்தாலும் அடுத்த கிளையின் முதல் சொல் கசியாது.

இவ்வளவு செய்தாலும் கீழே உள்ள நேரப்பட்டையை இழுத்து ஒருவர் எந்தக் கிளைக்குள்ளும் நுழைந்துவிடலாம். "பிரிவென்ட் ஸ்கிப்பிங்" அமைப்பால் அதைப் பூட்டலாம். பூட்டினால், தவறவிட்ட ஒரு வரியைத் திரும்பக் கேட்க நினைப்பவருக்கும் சிரமம். பத்து விநாடி பின்னால் போகும் பட்டனைக் காட்டும் அமைப்பும் உண்டு, அதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள். கிளைகள் மூன்றைத் தாண்டினால் இன்டராக்டிவ் வீடியோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். எச்5பி-யிலேயே "பிராஞ்சிங் சினாரியோ" என்ற தனி வகை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிளையும் தனி வீடியோ.

கேள்விப் பட்டன்களும் தமிழும்

பலவுள் தெரிவு, சரி/தவறு போன்றவை சிக்கலில்லாமல் வேலை செய்கின்றன. "அடாப்டிவிட்டி" பகுதியில், தவறான விடைக்கு எந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும், என்ன செய்தி காட்ட வேண்டும் என்று எழுதலாம். திரும்பும் நேரத்தை விளக்கம் தொடங்குவதற்கு ஓரிரு விநாடி முன்னால் வையுங்கள். கேள்வியின் சொந்த நேர எல்லைக்குள்ளேயே வைத்துவிட்டால் அதே கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கும். பார்ப்பவர் விலகித் தொடர அனுமதிக்கும் டிக்கையும் போட்டு வைப்பது நல்லது. இல்லையென்றால் விடை தெரியாதவர் அதே இரண்டு நிமிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கோடிட்ட இடம் நிரப்புவதில் தமிழுக்கென்று சில பொறிகள் உள்ளன. விடையை இரு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். மாற்று விடையைச் சாய்கோடு போட்டுச் சேர்க்கலாம். தமிழில் "நெடுவரிசை/நிரல்/காலம்" என்று பலரும் பலவாறு எழுதுவார்கள், ஆகவே தாராளமாகச் சேருங்கள். "சிறு எழுத்துப்பிழைகளை ஏற்றுக்கொள்" என்ற டிக் ஒன்று இருக்கிறது: 3 முதல் 9 எழுத்து உள்ள சொல்லில் ஒரு பிழை, அதற்கு மேல் இரண்டு. ஆங்கிலத்துக்கு வசதி, தமிழுக்கு ஆபத்து. கணக்கு யூனிகோடு குறிகளை வைத்து நடப்பதால், லகர ளகர மாற்றம் ஒரே ஒரு பிழைதான். "விலை"க்குப் பதில் "விளை" எழுதினாலும் சரி என்று பச்சை காட்டிவிடும். அதை அணைத்துவிடுங்கள். "சொல்லைக் குறி" வகையில் இடைவெளி விட்டுப் பிரிந்த முழுச்சொல்லைத்தான் குறிக்க முடியும். வேற்றுமை உருபை மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லும் இலக்கணப் பயிற்சிக்கு அது ஒத்துவராது.

"செக்", "ரீட்ரை", "கன்டினியூ" போன்ற சொற்களையெல்லாம் படிவத்தின் அடியில் "டெக்ஸ்ட் ஓவர்ரைட்ஸ்" பகுதியில் தமிழாக்கலாம். சரிபார், மீண்டும், தொடர் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "விடையைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால் போனில் பட்டன் இரண்டு வரியாக உடையும்.

வெளியே அனுப்புவது

லூமி மூன்று வகையில் வெளியே கொடுக்கும்: எல்லாம் அடங்கிய ஒரே எச்டிஎம்எல் கோப்பு; எச்டிஎம்எல் தனியாகவும் வீடியோ தனியாகவும்; ஸ்கார்ம் (மூடுல் போன்ற வகுப்புத் தளங்களில் ஏற்றும் பொதுவான பொதி வடிவம்). முதல் வகை கையடக்கமாகத் தோன்றும். ஆனால் வீடியோவை எழுத்துக்குறிகளாக மாற்றி உள்ளே திணிப்பதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 60 எம்பி வீடியோ 80 எம்பி எச்டிஎம்எல் ஆகும். அத்தனையும் ஏறிய பிறகுதான் முதல் படமே தெரியும். நினைவகம் குறைந்த போன் பாதியில் கைவிட்டுவிடும். 20 எம்பிக்கு மேல் போனால் இரண்டாவது வகையே நல்லது. எச்டிஎம்எல் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் சூதாட்டம்தான்: எந்தச் செயலி அதைத் திறக்கிறது என்பதைப் பொறுத்து, பட்டன்கள் இயங்கலாம், வெள்ளைப் பக்கம் மட்டும் வரலாம். ஏதாவதொரு தளத்தில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.

வீடியோவை ஏற்றாமல் யூடியூப் இணைப்பைக் கொடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும். அதற்கு விலை: இடையில் விளம்பரம் வரலாம், இணையம் கட்டாயம். தளத்தில் ஏற்றாமல் கணினியிலிருந்து நேரடியாகத் திறந்தால், எந்தத் தளத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று தெரியாத யூடியூப் பிளேயர் பிழைச்செய்தி காட்டி நிற்கவும் கூடும். ஐபோனில் முழுத்திரையை எதிர்பார்க்காதீர்கள். போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பார்க்கும் அகலத்துக்கு எழுத்தும் பட்டனும் தெரிகின்றனவா என்று சோதியுங்கள்.

யார் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் வெறும் எச்டிஎம்எல் போதாது. அதைக் குறித்துக்கொள்ள எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. ஸ்கார்மாகவோ எச்5பி-யாகவோ மூடுலில் ஏற்றினால் மதிப்பெண் பதிவாகும். வேர்ட்பிரஸிலும் மூடுலிலும் "கோப்பு பெரிது" என்று வந்தால், குறை எச்5பி-யில் இல்லை. சர்வரின் பிஎச்பி அமைப்பில் உள்ள பதிவேற்ற உச்சவரம்பை ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி ஏற்ற வேண்டும். அங்கே இரண்டு வரம்புகள் உண்டு, ஒரு கோப்புக்கு ஒன்று, மொத்த அனுப்புகைக்கு ஒன்று. ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு அடுத்ததை மறந்துவிடுவார்கள்.

காசு கொடுக்கத் தயார் என்றால்

காம்டேசியா (திரைப்பதிவு, வீடியோ எடிட்டிங் மென்பொருள்) ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் "ஹாட்ஸ்பாட்" விளைவை முயலலாம். வீடியோவை நிறுத்துவது, இணைப்புக்கு அல்லது குறித்த நேரத்துக்கு அனுப்புவது வரை செய்யும். எம்பி4-ஆக மட்டும் எடுத்தால் ஹாட்ஸ்பாட் அத்தனையும் செத்த படமாகிவிடும். அதன் ஸ்மார்ட் பிளேயரோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

மின்பாடம் கட்டும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் வேறு தரம். பட்டனுக்கு இயல்பு நிலை, மவுஸ் மேலே வந்த நிலை, பார்த்து முடித்த நிலை, செயலற்ற நிலை எல்லாம் தனித்தனியாக வரையலாம். மாறிகள் வைத்து "மூன்று பகுதியும் பார்த்தால்தான் தேர்வு திறக்கும்" என்று கட்டலாம். விண்டோஸில் மட்டும் ஓடும், ஆண்டுச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் ஸ்லைடின் காலக்கோடு வேறு, வீடியோவின் ஓட்டம் வேறு. வீடியோவுக்கென்று தனிக் கட்டுப்பாட்டுப் பட்டை கொடுத்து, பார்ப்பவர் அதை இழுத்தால், காலக்கோட்டில் கட்டிய பட்டன்கள் பின்தொடராது. வீடியோவின் பட்டையை அணைத்துவிட்டு பிளேயரின் பட்டையை மட்டும் காட்டுவதே பாதுகாப்பு.

மாதத்துக்கு நாலைந்து பாடம் செய்யும் ஆசிரியருக்கோ, சிறு பயிற்சி நிலையத்துக்கோ அந்தச் செலவுக்கு நியாயம் சொல்வது கடினம். லூமியிலேயே இருங்கள். ஒன்று மட்டும்: வெளியே எடுத்த எச்டிஎம்எல் கோப்பை மறுபடி லூமியில் திறந்து திருத்த முடியாது. எச்5பி மூலக்கோப்பையும் மாற்றப்படாத வீடியோவையும் ஒரே ஃபோல்டரில், தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எக்செல் பதிப்பில் மெனு இடம் மாறும்போது அதைத்தான் தேடுவீர்கள்.